சைட் கேள்வி பதில்: ஸ்டாஃபில் ரிசீவர், கையில் போன்

போன இதழில், ரோட்டரி லேசரின் (சுழலும் ஒளியால் சைட் முழுக்க ஒரே மட்டம் காட்டுகிற கருவி) ஒளியை உணரும் ரிசீவரை இப்போது புளூடூத் வழியாகப் போனோடு சேர்த்துக்கொள்ளலாம், தரைமட்டம் சரிபார்க்க ஒரு ஆளை மிச்சப்படுத்தும் என்று நாலு வரி எழுதியிருந்தேன். நாலே வரிதான். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் இந்த மாதம் வேறு எதையும் எழுத முடியாது போலிருக்கிறது. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, மற்றவற்றுக்கு என் அனுபவத்துக்கு எட்டியவரை பதில் சொல்கிறேன்.

சார், லெவல் பார்க்கிற ஆப் போனில் இலவசமாகவே கிடைக்கிறதே, அப்புறம் எதற்குத் தனியாக லேசர், ரிசீவர்? இதில் போன் உண்மையில் என்னதான் செய்கிறது?
– சைட் சூப்பர்வைசர், ஓசூர்

முதலில் அந்த இலவச ஆப்பை முடித்துவிடுவோம். அது போனுக்குள் இருக்கிற சாய்வு உணரியை வைத்து ரசமட்டம் மாதிரி காட்டுகிறது. அது 0.1 டிகிரி தப்பினால் ஒரு மீட்டருக்கு 1.75 மி.மீ., பத்து மீட்டருக்கு 17 மி.மீ. போய்விடும். சுவரில் படம் மாட்டப் போதும், பிளிந்த் பீமுக்கு, அதாவது சுவரைத் தாங்குகிற அடிக் கான்கிரீட் உத்தரத்துக்கு, போதாது. ஜிபிஎஸ் உயரத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம், போனில் அது மீட்டர் கணக்கில் தப்பும். ஆக, போன் மட்டத்தை அளப்பதில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

அளப்பது லேசரும் ரிசீவரும்தான். ஸ்டாண்டில் நிற்கிற ரோட்டரி லேசரின் தலை நிமிடத்துக்கு 300 முதல் 600 சுற்று சுற்றுகிறது, அதாவது ஸ்டாஃப் (அளவு குறித்த நீளக் கோல், ரிசீவரைக் கட்டுவது இதில்தான்) இருக்கிற இடத்தை ஒளி ஒரு விநாடிக்கு 5 முதல் 10 தடவை தொட்டுவிட்டுப் போகிறது. ரிசீவரின் முகப்பில் ஒளியை உணரும் சில்லுகள் வரிசையாக அடுக்கியிருக்கும். எந்தச் சில்லில் ஒளி பட்டது என்பதை வைத்து, நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் மேலே, எத்தனை கீழே என்று அது கணக்குப் போடுகிறது. சாதாரண ரிசீவர் இதை அம்புக்குறியாகவும் பீப் ஒலியாகவும் சொல்லும், கொஞ்சம் விலை கூடினது எண்ணாகவே காட்டும். புளூடூத் ரிசீவர் அந்த எண்ணைப் போனுக்கும் அனுப்புகிறது. அவ்வளவுதான் விஷயம்.

இதில் என்ன பெரிய லாபம் என்று கேட்பீர்கள். எண் யாருக்கு வேண்டுமோ அவர் கண்ணுக்கு முன்னால் போய் நிற்கிறது, அதுதான் லாபம். குழிக்குள் ஒரு ஹெல்பர் ஸ்டாஃபைப் பிடித்துக்கொண்டு “அண்ணே, இன்னும் கொஞ்சம் இறங்கணும்” என்று கத்துவார். அந்தக் “கொஞ்சம்” 3 மில்லிமீட்டரா 3 சென்டிமீட்டரா என்பது அவருக்கும் அவரைப் படைத்தவனுக்கும்தான் தெரியும். வைப்ரேட்டர் ஓடுகிற சத்தத்தில் பீப்பும் கேட்காது. 1000 சதுர அடி பிசிசியில் (கம்பியில்லாத அடிக் கான்கிரீட்டில்) ஒரு சென்டிமீட்டர் கூடப் போனால் கிட்டத்தட்ட ஒரு கன மீட்டர் கான்கிரீட் மண்ணுக்குள் போகிறது. அந்தக் காசை யார் கொடுப்பது என்ற சண்டை பிறகு வரும்.

இன்னொரு லாபம் கணக்கு. உங்கள் பெஞ்ச்மார்க் (உயரம் தெரிந்த நிலையான புள்ளி) 100.000 மீட்டர், அதன் மேல் ஸ்டாஃப் வைத்து ஒளி பட்ட இடம் 1.425 என்றால், லேசர் உயரம் 101.425. உங்களுக்கு வேண்டிய மட்டம் 99.850 என்றால் ஸ்டாஃபில் 1.575-இல் ரிசீவரைக் கட்ட வேண்டும். இதை ஆப்பில் ஒரு தடவை பதிந்துவிட்டால், ரிசீவரை நகர்த்தாமலேயே எங்கே வைத்தாலும் எவ்வளவு வெட்ட வேண்டும், எவ்வளவு நிரப்ப வேண்டும் என்று காட்டுகிற ஆப்கள் இருக்கின்றன. ஒரு எச்சரிக்கை: பிளஸ் என்றால் வெட்டா நிரப்பா என்பது ஆப்புக்கு ஆப்பு மாறும். ஸ்டாஃபைக் கையால் ஒரு சென்டிமீட்டர் தூக்கிப் பாருங்கள், எண் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதுதான் ‘தரை உயரம்’. காலையில் அரை நிமிடம் ஆகும். இதைச் செய்யாமல் ஒரு முழு நாள் தலைகீழாக வெட்டிய சைட்டை நான் பார்த்திருக்கிறேன் (என் சைட்தான், வேறு யாரைச் சொல்ல).

பொக்லைன் கையில் ரிசீவரை மாட்டிவிட்டு, ஆபரேட்டர் கேபினில் போனைப் பார்த்து ஃபுட்டிங் (அஸ்திவாரம்) குழி தோண்டலாமா? ஒவ்வொரு தடவையும் ஆள் இறங்கி ஏறுவது பெரிய தொல்லையாக இருக்கிறது.
– சிறு ஒப்பந்ததாரர், திருப்பூர்

தோண்டலாம், ஆனால் ‘பார்த்துக்கொண்டே தோண்டலாம்’ என்று நினைத்தால் ஏமாறுவீர்கள். தோண்டி, நிறுத்தி, பார்த்து, மறுபடி தோண்டுவதற்கு இது அருமையான வழி.

காரணம் எளிது. பக்கெட் பல் நுனிக்கும் ரிசீவருக்கும் இடையே உள்ள செங்குத்து உயரம் மாறாமல் இருந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். ஆர்ம் சாய்ந்தால் அந்த உயரம் மாறும், பக்கெட் சுருண்டால் இன்னும் மாறும். ஆகவே ஆபரேட்டரோடு பேசி ஒரு ‘பார்க்கிற நிலை’ வைத்துக்கொள்ளுங்கள்: ஆர்ம் நேர் செங்குத்து, பக்கெட் ஒரே மாதிரி முழுக்க விரிந்தோ முழுக்கச் சுருண்டோ இருக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் அடுத்த தடவை அதே பாதி வராது. சரியான மட்டத்தில் ஒரு இடத்தைக் கையால் சீராக்கி, அங்கே பக்கெட்டை அந்த நிலையில் வைத்து, ரிசீவரை ஏற்றி இறக்கி நடுக்கோட்டில் ஒளி படும்படி ஆர்மில் பூட்டுங்கள். அதன்பிறகு ஒவ்வொரு தடவையும் அதே நிலையில் வைத்துத்தான் போனைப் பார்க்க வேண்டும். ஆர்ம் செங்குத்துதானா என்று தெரிய, ஆபரேட்டர் கண்ணில் படுகிற மாதிரி ஒரு சின்னத் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டவர்களும் உண்டு. சிரிக்காதீர்கள், வேலை செய்கிறது.

அடுத்தது, எந்த ரிசீவர் என்பது. ஸ்டாஃபில் மாட்டுகிற கை ரிசீவருக்கு முகம் ஒரு பக்கம் மட்டும்தான். வண்டி திரும்பியதும் அது லேசருக்கு முதுகைக் காட்டும், போனில் எண் காணாமல் போகும். மெஷினில் மாட்டவென்றே வருகிற ரிசீவர் சுற்றிலும் ஒளியை வாங்கும், மேலும் கீழுமாக அதன் உணரும் நீளமும் அதிகம், அதிர்வும் தாங்கும். விலையும் அதற்கேற்ற மாதிரி. கை ரிசீவரைக் காந்தக் கிளாம்பு வைத்துப் பொக்லைனில் ஒட்டினால் பாறை இடிக்கிற முதல் நாளிலேயே கீழே விழும். மண் வேலைக்கு, அதுவும் வண்டி ஒரே திசையில் நகர்கிற டிரெஞ்ச் (நீளப் பள்ளம்) வேலைக்கு, சமாளிக்கலாம்.

புளூடூத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. திறந்தவெளியில் தூரம் வரை எட்டுகிற இணைப்பு, இடையில் இரும்பு ஆர்மும் கேபின் தகடும் வந்தால் சுருங்கிவிடும். போனைச் சட்டைப்பையில் வைத்தால் உங்கள் உடம்பே அந்த அலையைப் பாதி குடித்துவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கும் தண்ணீருக்கும் ஆகாது. கேபின் முன்கண்ணாடியில் ஹோல்டர் போட்டு மாட்டுங்கள்.

அப்புறம், யாரும் சொல்லாத ஒன்று. பக்கெட் பல் தேயும். புதுப்பல் மாட்டினால் பழைய தேய்ந்த பல்லைவிடச் சில சென்டிமீட்டர் நீளமாக இருக்கும். ரிசீவரை அப்படியே விட்டுவிட்டுத் தோண்டினால் குழி முழுக்க அந்தச் சென்டிமீட்டர் ஆழம் கூடியிருக்கும், போனோ கடைசிவரை ‘மட்டம் சரி’ என்று பச்சை காட்டும். பல் மாற்றினால் ரிசீவரையும் புதிதாக வையுங்கள். எப்படியும் கடைசி 5 சென்டிமீட்டரை ஆளை வைத்துக் கையால் வெட்டுவதுதான் ஃபுட்டிங்குக்கு நல்லது, இயந்திரம் கலைத்த மண்ணின் மேல் பிசிசி போட்டால் பின்னால் இறங்கும்.

பச்சை லேசர் வாங்கினேன், 16 லைன் வருகிற டைப். நண்பரிடம் இருந்த ரோட்டரி ரிசீவரை இரவல் வாங்கி வைத்துப் பார்த்தேன், ஒரு பீப் கூட வரவில்லை. ரிசீவர் கெட்டுவிட்டதா?
– டைல்ஸ் வேலை செய்பவர், நாகர்கோவில்

கெடவில்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். லைன் லேசர் ஒளியை லென்ஸ் வைத்து விசிறி மாதிரி பரப்புகிறது, அது நின்று எரிகிற ஒளி. ரோட்டரி ரிசீவரோ, சுற்றி வந்து தொட்டுவிட்டுப் போகிற ஒளிக்காகக் காத்திருக்கிறது. லைன் லேசரில் ‘பல்ஸ்’ பொத்தான் (ஒளியை வேகமாகத் துடிக்க விடுவது) இருந்தால் அதை அழுத்தி, லைன் லேசருக்கென்றே வருகிற ரிசீவரை வைத்தால்தான் பேசும். இரண்டையும் வாங்குகிற ரிசீவர்களும் உண்டு, ஆனால் நிறம் பொருந்த வேண்டும். சிவப்புக்கு, அதாவது 635 நானோமீட்டர் ஒளிக்கு வடிகட்டி போட்ட ரிசீவருக்கு உங்கள் பச்சை கண்ணுக்கே தெரியாது. பச்சை நம் கண்ணுக்குத்தான் பிரகாசம். வெளியே வெயிலில் ரிசீவர் வைத்து வேலை செய்யச் சிவப்பு ரோட்டரியே போதும், கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி.

காலையில் சரியாக இருக்கிற ரீடிங் மதியம் ஒரு மணிக்குமேல் மூன்று, நான்கு மில்லிமீட்டர் ஆடுகிறது. போனில் எண் குதித்துக்கொண்டே இருக்கிறது. ஆப்பை மாற்றலாமா?
– இன்ஜினியர், தூத்துக்குடி

ஆப்பை விட்டுவிடுங்கள், பாவம். தூத்துக்குடி மதிய வெயிலில் தார் ரோட்டின் மேல் காற்று நெளிவதைப் பார்த்திருப்பீர்கள் இல்லையா, உங்கள் லேசரும் அதன் வழியாகத்தான் வருகிறது. தரையை ஒட்டின சூடான காற்றும் மேலே இருக்கிற காற்றும் ஒளியை வேறுவேறு அளவில் வளைக்கின்றன. ஒளி தரைக்கு மிக அருகில் ஓடும்போது இது ரொம்ப மோசம். ஸ்டாண்டை உயர்த்துங்கள், ஒளி தரையிலிருந்து ஒரு மீட்டருக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தூரத்தையும் குறையுங்கள், 100 மீட்டரில் ஆடுகிற மாதிரி 40 மீட்டரில் ஆடாது. லேசருக்குக் குடை பிடியுங்கள், ஏசி காரிலிருந்து எடுத்தவுடன் போடாமல் கால் மணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் போடுங்கள்.

ஆனால் ஒன்று, குதிப்பது வேறு, நகர்வது வேறு. எண் இப்படியும் அப்படியும் குதித்தால் காற்று. காலையைவிட ஒரே பக்கமாக நகர்ந்து அங்கேயே நின்றால் ஸ்டாண்டின் ஒரு கால் மணலில் இறங்கியிருக்கிறது, அல்லது பக்கத்தில் ரோலர் ஓடி ஆட்டியிருக்கிறது. தானாக மட்டம் பிடிக்கிற லேசர் ஸ்டாண்டு சாய்ந்தாலும் திருத்திக்கொள்ளும், உயரம் 4 மி.மீ. இறங்கியதை அது எப்படிக் கண்டுபிடிக்கும்? ஆட்டம் கண்டால் சுழலுவதை நிறுத்தி எச்சரிக்கிற வசதி உங்கள் லேசரில் இருந்தால் அதை அணைத்து வைக்காதீர்கள். இல்லாவிட்டால் மணிக்கு ஒரு தடவை ஸ்டாஃபை பெஞ்ச்மார்க்கில் வைத்துப் பாருங்கள். எந்த ஆப்பும் இந்த வேலையை உங்களுக்காகச் செய்யாது.

லேசரே தப்பாக இருந்தால்? சுவரிலிருந்து 30 மீட்டரில் லேசரை வைத்து, ஒளி படும் இடத்தைச் சுவரில் குறியுங்கள். அப்படியே 180 டிகிரி திருப்பி, மறுபடி குறியுங்கள். இரண்டு குறிக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தில் பாதிதான் லேசரின் பிழை. பெரும்பாலான சைட் லேசர்களுக்கு 30 மீட்டரில் ±1.5 மி.மீ. என்று எழுதியிருக்கும், ஆக இரண்டு குறிக்கும் இடையே 3 மி.மீ. வரை இருந்தால் கவலை வேண்டாம். பிறகு 90 டிகிரி திருப்பி அடுத்த அச்சுக்கும் இதையே செய்யுங்கள், நிறையப் பேர் ஒரு அச்சோடு விட்டுவிடுகிறார்கள்.

கூடவே ஸ்டாஃபையும் பாருங்கள். 2 மீட்டர் உயரத்தில் ரிசீவர் இருக்கிற ஸ்டாஃப் 5 டிகிரி சாய்ந்தால் ரிசீவர் 7.6 மி.மீ. கீழே வந்துவிடும், போன் ‘தரை பள்ளம்’ என்று சொல்லும், நீங்களும் மண்ணைக் கொட்டுவீர்கள். மதியம் ஸ்டாஃப் பிடிக்கிற பையனுக்கும் களைப்பு இருக்கும் அல்லவா. சின்ன ரசமட்டக் குமிழி ஒன்றை ஸ்டாஃபில் மாட்டுங்கள்.

ஆப் ரிசீவரைக் கண்டுபிடிக்கவே மாட்டேன் என்கிறது. புளூடூத் ஆனில்தான் இருக்கிறது.
– மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள், மூவரும் ஆண்ட்ராய்டு

பழைய ஆண்ட்ராய்டில் (6 முதல் 11 வரை) புளூடூத் கருவியைத் தேட லொகேஷன் அனுமதி வேண்டும், லொகேஷனும் ஆனில் இருக்க வேண்டும். 12 முதல் ‘அருகிலுள்ள சாதனங்கள்’ என்ற அனுமதியைக் கேட்கும், யோசிக்காமல் ‘வேண்டாம்’ அழுத்தியிருப்பீர்கள். போனின் செட்டிங்ஸில் போய் இணைக்காமல் ஆப்புக்குள்ளிருந்தே இணைத்துப் பாருங்கள். இன்னொரு சாத்தியம், இவ்வகை ரிசீவர்கள் பல, ஒரு நேரத்தில் ஒரு போனோடுதான் பேசும். நேற்று இணைத்த சூப்பர்வைசர் டீக்கடையிலிருந்து திரும்பி வந்திருப்பார், அவர் போன் முந்திக்கொண்டிருக்கும். பேட்டரி சேமிப்பையும் அந்த ஆப்புக்கு மட்டும் அணைத்துவிடுங்கள், திரை அணைந்ததும் இணைப்பை அறுப்பது அதுதான்.

வீட்டுச் சேம்பரிலிருந்து (கழிவுநீர் சேர்கிற தொட்டி) ரோட்டு மேன்ஹோல் வரை 18 மீட்டர், 4 அங்குலக் குழாய். எங்களுக்குக் கிடைக்கிற வாட்டமே 300 மி.மீ.தான். லேசர், போன் வைத்து இதைச் சரியாகப் போடுவது எப்படி? ஸ்லோப் லேசர் (ஒளியைச் சாய்த்து வீசுவது) வாடகைக்கு எடுக்க வேண்டுமா?
– பிளம்பிங் ஒப்பந்ததாரர், செங்கல்பட்டு

நல்ல கேள்வி, எண்ணோடு கேட்டதற்குத் தனி நன்றி. பழைய ஆட்கள் சொல்கிற கணக்கு, குழாயின் அங்குலத்தைப் பத்தால் பெருக்கு என்பது: 4 அங்குலத்துக்கு 1க்கு 40 (40 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம்), 6 அங்குலத்துக்கு 1க்கு 60. அதன்படி உங்களுக்கு 450 மி.மீ. வேண்டும், இருப்பது 300, அதாவது 1க்கு 60. பயப்பட வேண்டாம். கழிவறை சேர்ந்த 100 மி.மீ. குழாய்க்கு 1க்கு 80 வரை பிரிட்டன் கட்டட விதிகளே ஒத்துக்கொள்கின்றன. சாக்கடை தன்னைத்தானே கழுவிக்கொண்டு போக விநாடிக்கு 0.6 மீட்டர் வேகம் வேண்டும் என்பதுதான் அடிப்படை. வாட்டம் கொஞ்சம் குறைவதைவிட, நடுவில் ஓர் இடத்தில் குழாய் தொய்ந்து தண்ணீர் தேங்குவதுதான் அடைப்புக்குக் காரணம். அந்த இடத்தைத்தான் ரிசீவர் பிடித்துக்கொடுக்கும்.

ஸ்லோப் லேசர் வேண்டாம். 1க்கு 60 என்றால் 3 மீட்டருக்குச் சரியாக 50 மி.மீ. மட்டமாகவே லேசரை வையுங்கள். வீட்டுச் சேம்பரில் குழாயின் அடிமட்டத்தில் ஸ்டாஃப் வைத்து ரிசீவரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு 3 மீட்டருக்கும் ரிசீவரை ஸ்டாஃபில் 50 மி.மீ. மேலே ஏற்றிக்கொண்டே போங்கள், போன் பூஜ்யம் காட்டுகிற ஆழம்தான் உங்கள் ஆழம். 18 மீட்டரில் ஆறு தடவை ஏற்றியிருப்பீர்கள், மொத்தம் 300. இதற்குத் தாளும் பென்சிலும்கூடப் போதும். போனின் உபயோகம், பள்ளத்துக்கு மேலே நிற்கிற நீங்கள் பள்ளத்துக்குள் இருக்கிற ஆளின் எண்ணைப் பார்க்கலாம் என்பதுதான். ஸ்டாஃபை எப்போதும் ஒரே இடத்தில் வையுங்கள். ஒரு தடவை குழாயின் முதுகில், அடுத்த தடவை இணைப்புக் காலரின் மேல் வைத்தால் அந்தச் சில மில்லிமீட்டர் கணக்கில் ஏறிவிடும், தேடினாலும் கிடைக்காது.

சரி, என்றாவது ஸ்லோப் லேசர் கைக்கு வந்தால் இரண்டு இடத்தில் ஜாக்கிரதை. ஒன்று, சதவீதம். 1க்கு 100 என்பது 1 சதவீதம்தான், அதைப் பார்த்துவிட்டு 1க்கு 80-ஐ 0.80 என்று அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது 1.25. உங்கள் 18 மீட்டரில் 225 வர வேண்டிய இடத்தில் 144 தான் வரும், போனில் எல்லாம் பச்சை. இரண்டாவது, லேசரின் அச்சு குழாய் போகிற திசையில் இருக்க வேண்டும். 1 சதவீத வாட்டத்தில் அச்சு 5 டிகிரி திரும்பியிருந்தால் குழாயின் நீளவாக்கில் பெரிய வித்தியாசம் தெரியாது, பக்கவாட்டில் 30 மீட்டருக்கு 26 மி.மீ. சாய்ந்துவிடும். ஒற்றைக் குழாய்க்கு அது பரவாயில்லை. பார்க்கிங் தளத்துக்கு அதே லேசரைத் தூக்கிக்கொண்டு போகும்போதுதான் மழைத் தண்ணீர் போகக் கூடாத பக்கம் போகும்.

ரோடு வேலை. ரீடிங் எல்லாம் போனில் நேரத்தோடு பதிவாகிறது, அதை அப்படியே எக்செல்லாக மாற்றிக் கொடுத்தால் கன்சல்டண்ட் ஏற்க மாட்டேன் என்கிறார். கையால் எழுதின லெவல் புக்தான் வேண்டுமாம். இந்தக் காலத்தில் இது நியாயமா?
– சப் கான்ட்ராக்டர், திண்டுக்கல்

உங்களுக்குக் கோபம் வரும், ஆனாலும் இந்த விஷயத்தில் நான் அவர் பக்கம். போனுக்குத் தெரிந்தது ரிசீவரின் நடுக்கோட்டுக்கும் ஒளிக்கும் உள்ள தூரம் மட்டும். ஸ்டாஃப் எந்தச் செயினேஜில் (ரோட்டின் தொடக்கத்திலிருந்து எவ்வளவு தூரத்தில்) நின்றது, ரிசீவரை ஸ்டாஃபில் எங்கே கட்டினீர்கள், காலையில் எந்த பெஞ்ச்மார்க்கில் தொடங்கினீர்கள் என்பதெல்லாம் நீங்கள் பதிந்தால்தான் உண்டு. போனின் ஜிபிஎஸ் இடத்தையே சில மீட்டர் தள்ளிக் காட்டும். ஒரே இடத்தில் நின்றுகொண்டு நாற்பது ‘சரி’ பதியலாம் என்பது அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பெஞ்ச்மார்க்கில் திறந்து அதே பெஞ்ச்மார்க்கில் மூடிய ரீடிங் இரண்டையும் ஸ்டாஃப் எண் தெரிகிற போட்டோவோடு பதிவின் தலையிலும் காலிலும் வைத்துக் கொடுத்துப் பாருங்கள். பாதிப் பேர் அப்போது இறங்கி வருவார்கள்.

எந்த அடுக்குக்கு எது போதும் என்பதும் இருக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பில், மோர்த் என்று நாம் சொல்கிற புத்தகத்தில், சப்கிரேடுக்கு (ரோட்டுக்கு அடியில் இறுக்கிய மண்) +20, −25 மி.மீ. அனுமதி. நெகிழ் தளத்தின், அதாவது தார் ரோட்டின், சப் பேஸுக்கு (அந்த மண்ணுக்கு மேல் வருகிற அடுக்கு) +10, −20. மெஷின் போட்ட ஜல்லி பேஸுக்கு ±10. மேலே வருகிற தார் மேற்தளத்துக்கு, மெஷின் போட்டால், ±6 தான். இப்போது உங்கள் லேசரை எடுத்துக்கொள்ளுங்கள்: 30 மீட்டரில் ±1.5 என்றால் 100 மீட்டரில் ±5. பூமியின் வளைவும் ஒளி விலகலும் சேர்ந்து 100 மீட்டரில் முக்கால் மி.மீ.கூட வராது, அதை விட்டுவிடலாம். 300 மீட்டரில் 6 மி.மீ. ஆகிவிடும், அதை விட முடியாது. சப்கிரேடுக்கு இந்த ±5 ஒரு பிரச்சினையே இல்லை, மண்ணைச் சீவுகிற கிரேடர் ஓடும்போது போனைப் பார்த்துக்கொண்டே ஒரே ஆள் நூறு புள்ளி எடுத்துவிடலாம். ஆனால் தார் மேற்தளத்தின் ±6-இல் கருவியே 5-ஐத் தின்றுவிட்டால் பேவருக்கு (தார்க் கலவையைப் பரப்பும் மெஷின்) என்ன மிச்சம்? அங்கே ஆட்டோ லெவலை (தொலைநோக்கி வழியாக ஸ்டாஃபைப் படிக்கிற கருவி), அதுவும் இரண்டு பக்கமும் சம தூரத்தில் வைத்துப் பாருங்கள். ரிசீவரில் துல்லிய அளவை மாற்றும் பொத்தான் இருக்கும், மண்ணுக்கு அகலமாக (5, 10 மி.மீ.), கான்கிரீட்டுக்கு 1 மி.மீ. என்று வையுங்கள். மண் வேலையில் 1 மி.மீ. வைத்தால் பூஜ்யம் கிடைக்கவே கிடைக்காது, கிரேடர் டிரைவர் ரிசீவரைத் தூக்கி எறிந்துவிடுவார்.

லேசர் கண்ணில் பட்டால் கெடுதலா? கொத்தனார்கள் பயப்படுகிறார்கள்.
– திருநெல்வேலி

லேபிளைப் பாருங்கள். வகுப்பு 2 என்றால் 1 மில்லிவாட்டுக்குள், தெரியாமல் பட்டால் கண் தானாக மூடிக்கொள்வதே பாதுகாப்பு, முறைத்துப் பார்க்கக் கூடாது. 3ஆர் (அதைவிடச் சக்தி கூடின வகுப்பு) என்றால் இன்னும் கவனம். இரண்டுக்கும் ஒரே வழி, நிற்கிறவர், உட்கார்கிறவர் கண்மட்டத்துக்கு நேராகக் கருவியை வைக்காமல் மேலே தூக்கி வைப்பது. போன் கேமராவையும் நேராகக் காட்டி வீடியோ எடுக்க வேண்டாம், கேமராவின் சென்சார் புள்ளி விழுந்துவிடும்.

ஐயா, வயலைச் சமப்படுத்த டிராக்டரில் லேசர் லெவலர் ஓட்டுகிறார்கள். அதில் இந்தப் போன் ரிசீவரைப் பயன்படுத்த முடியுமா?
– விவசாயி, மன்னார்குடி

ஓடும்போது முடியாது. அதில் கம்பத்தின் மேல் இருக்கிற ரிசீவர் நேராகக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்லி, அது ஹைட்ராலிக் வால்வைத் திறந்து மூடி, மண் வாரும் பக்கெட்டை ஏற்றி இறக்குகிறது. நடுவில் போனும் மனிதனும் வந்தால் தாமதமாகிவிடும். ஆனால் ஓட்டுவதற்கு முந்தின நாள் போன் ரிசீவர் ரொம்ப உதவும். வயலைப் பத்து மீட்டருக்கு ஒன்று என்று கட்டம் கட்டி, ஒவ்வொரு புள்ளியிலும் ரீடிங் எடுத்துச் சராசரி பாருங்கள், அந்தச் சராசரி மட்டத்தில்தான் வெட்டுகிற மண்ணும் கொட்டுகிற மண்ணும் சரிக்குச் சரி வரும். டிரைவர் குத்துமதிப்பாக ஒரு இடத்தில் நிறுத்தி ‘இதுதான் மட்டம்’ என்று தொடங்கினால், ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் தப்புக்கு 40 கன மீட்டர் மண் உபரியாகவோ பற்றாக்குறையாகவோ நிற்கும். மணிக் கணக்கில் வாடகை கொடுக்கிறவர் நீங்கள், அவர் இல்லை.

முப்பது வருஷமாகத் தண்ணீர் நிரப்பின டியூப் லெவலில்தான் மட்டம் பார்க்கிறேன். என் மகன் லேசரும் போனுமாக வந்து, இதைத் தூக்கிப் போடுங்கள் என்கிறான். போட்டுவிடட்டுமா தம்பி?
– மேஸ்திரி, காரைக்குடி

போடாதீங்கண்ணே. குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல், இரண்டு வாயும் திறந்து, பாதி வெயிலிலும் பாதி நிழலிலுமாகக் கிடக்காமல் பார்த்துக்கொண்டால் அது பொய் சொல்லாது. அதோடு, லேசரால் முடியாத ஒன்று அதனால் முடியும்: சுவருக்கு அந்தப் பக்கம், மூலை திரும்பி, அடுத்த அறைக்குள் போய் மட்டம் சொல்லும். மகனுடைய லேசரை ஹாலில் வைத்துவிட்டு, சமையலறை லிண்டலுக்கு உங்கள் குழாயைப் பிடித்துக் காட்டுங்கள். இரண்டும் 2 மி.மீ.க்குள் ஒத்துப்போனால் அன்றைக்கு லேசரும் சரி, குழாயும் சரி. ஒத்துப்போகவில்லை என்றால், முதலில் மேலே சொன்ன 30 மீட்டர் சுவர்ச் சோதனையை லேசருக்குச் செய்யச் சொல்லுங்கள், குழாயைக் குறை சொல்வது அதற்குப் பிறகு.